எலிசபெத்தின் உபவாசம்

பெங்களூர் மர்பி டவுனில் எலிசபெத் உபவாசம் இருக்கிறாள் என்ற சேதி, புதன்கிழமை ஒரு வீட்டு வாசலில் கிளம்பி, சனிக்கிழமைக்குள் ஜோகுபாளையம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சாதாரணமாக நம் சனங்கள் நல்ல சேதியை இவ்வளவு வேகமாகத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இல்லை. என்னவோ, இதற்கு மட்டும் கால் முளைத்துவிட்டது. சபைக்காக இருக்கிறாளாம் என்றார்கள். இல்லையில்லை, புருஷன் காலுக்காகவாம் என்றார்கள். ஊருக்கே மழை வருவதற்காகவாம் என்று கூட ஒருத்தி சொன்னாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். அந்த வீட்டில் அரிசி இல்லை. அவ்வளவுதான் சமாச்சாரம்.

எலிசபெத் அல்சூரில் பி.ஜி. என்கிற ஒரு பெண்கள் விடுதியில் சமையல் பார்த்தவள். ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்குக் காலையில் இட்லி, ராத்திரி சப்பாத்தி என்று அண்டா அண்டாவாக ஆக்கிப் போட்ட கை அது. கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறோம் என்று சொல்லி ஓனர் ஒரு நாள் பூட்டைப் போட்டுவிட்டான். வேலை போன சூடு ஆறுவதற்குள் அவள் புருஷன் தாஸ், லக்கேஜ் ஆட்டோவிலிருந்து ஒரு பீரோவை இறக்கும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். கம்பி வைத்துத் தைத்து வீட்டில் படுக்கப் போட்டார்கள். ஆட்டோவோ வாடகை ஆட்டோ. மறுநாளே வேறொருவன் அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

பிள்ளை குட்டி இல்லை. ரேஷன் அட்டை கோலார் தங்கவயலில், தாஸின் தம்பி குடும்பத்தோடு சேர்ந்தே கிடந்தது. அந்த அரிசியை அவர்கள் வாங்கி அவர்களே சாப்பிட்டார்கள். அதைக் கேட்கவும் எலிசபெத்துக்கு வாய் வரவில்லை. இந்திராநகர் பக்கம் அபார்ட்மென்ட் அபார்ட்மென்டாகப் போய்ச் சமையல் வேலை கேட்டாள். "ஆப்ல பேர் போட்டிருக்கியாம்மா?" என்று செக்யூரிட்டி கேட்பான். இல்லை என்றால் கேட்டுக்கு உள்ளேயே விடமாட்டான்.

அவளுக்கென்று யாருமே இல்லையா? இருந்தார்கள். கோளாறே அங்கேதான். அவள் போகிற சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் அந்த டப்பாக்களைக் கொட்டி வாங்கி வருவாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இல்லாத வீடுகளுக்கு அந்த அரிசி போகும். அந்த ஒருத்தி எலிசபெத்தான், வெகு காலமாக. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவளும் அவள்தான். போதகர் கூட அதில் தலையிடமாட்டார். வாங்குகிறவர்கள் வெட்கப்படக் கூடாதென்று அரிசியைத் துண்டு போட்டு மூடி, பழைய துணி கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோய் வைப்பாள். ஒரு வாய் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கமாட்டாள். "பயப்படாத. நம்ம மேய்ப்பர் பாத்துக்குவாரு" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவாள். மேய்ப்பர் என்றது ஆண்டவரை, நாமெல்லாம் அவர் ஆடுகளாம். நம்பித்தான் சொன்னாள், வாய் வார்த்தைக்காகச் சொல்லவில்லை. ஆனால் கொடுத்துக் கொடுத்தே பழகின கையை இன்னொருவர் முன்னால் எப்படி நீட்டுவது? அது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை மத்தியானம், தன் வீட்டு அரிசி டப்பாவின் அடியில் கிடந்ததில் கொஞ்சம் எடுத்துத் தாஸுக்கு மட்டும் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். தான் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். பக்கத்து வீட்டு தனலக்ஷ்மி பார்த்துவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். தனலக்ஷ்மி ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். எலிசபெத் கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் சுடுகிறவள். எந்தச் சாமி பேரில் எதைச் செய்தாலும் அந்தச் சுவர் மேல் ஒரு கிண்ணம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகாமல் இருந்ததில்லை.

"ஊட்டா ஆய்த்தாக்கா?" என்றாள் தனலக்ஷ்மி. சாப்பாடு ஆயிற்றா என்பது பெங்களூரில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்வி. ஆச்சு என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். எலிசபெத்தும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இன்னாக்கா, மொகமெல்லாம் இப்டி வத்திப்போய்க் கெடக்குது? ஒடம்பு உஷாரில்லியா? சாப்டவே இல்ல போலக்கீதே. வா, சூடா சோறு கீது, கத்திரிக்கா கொழம்பு கீது. ஒரு வாய் சாப்ட்டுப் போ."

குழம்பு வாசனை சுவரைத் தாண்டி வந்தது. எலிசபெத்துக்கு வாயிலும் நீர், கண்ணிலும் நீர். ஆனால் போய் உட்கார்ந்தால் தான் சாப்பிடுகிற வேகத்திலேயே தனலக்ஷ்மிக்கு எல்லாம் விளங்கிவிடும். அரிசி மூட்டை தூக்குகிறவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று நாளைக்குத் தெருவே பேசும். அந்தப் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"இல்லம்மா. நான் உபவாசத்துல இருக்கேன்."

தனலக்ஷ்மி சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயோ, தெரியாம கூப்ட்டுட்டேன்கா. மனசுல வெச்சுக்காத."

அன்றோடு சுவர் மேல் கிண்ணம் வருவது நின்றுபோனது. விரதம் இருக்கிற வீட்டுக்குக் குழம்பு கொடுப்பது பாவமாயிற்றே! கருவாடு வறுப்பதைக் கூட அந்த மகராசி நிறுத்திவிட்டாள், வாசனை போய் அக்காவின் விரதத்தைக் கலைத்துவிடுமோ என்று. பட்டினி என்று சொன்னால் ஒரு தட்டுச் சோறு கொடுக்க எந்தத் தெருவிலும் ஆள் உண்டு. உபவாசம் என்று சொன்னவளுக்கு யார் கொடுப்பார்கள்? கும்பிடத்தான் செய்வார்கள்.

கும்பிட்டார்கள். வியாழக்கிழமை ஒருத்தி வந்து, மகன் குடியை விட வேண்டும், ஜெபம் பண்ணுங்கள் என்றாள். வெள்ளிக்கிழமை வேறு இரண்டு பேர். எலிசபெத் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தலையில் கை வைத்து ஜெபித்தாள். பசியில் கையும் குரலும் நடுங்கின. "பாரு, ஆவியில எப்டி நடுங்குறாங்க!" என்று வந்தவர்கள் அழுதார்கள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது? போகும்போது உபவாசக்காரிக்கு ஆகும் என்று ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். சர்க்கரை இல்லாத வீட்டில் தட்டு நிறைய எலுமிச்சம்பழம் சேர்ந்துவிட்டது.

சனிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. உபவாசத்தோடு வந்திருக்கிறாள் என்று எல்லாரும் பிடிக்கு மேல் பிடி சேர்த்துப் போட்டார்கள். பை இடுப்பை அழுத்த, அங்கங்கே சுவரைப் பிடித்து நின்று நின்றுதான் வீடு வந்து சேர்ந்தாள். பையை நாற்காலியில் இறக்கிவிட்டு அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கட்டிலில் படுத்திருந்த தாஸ் பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். கஞ்சிக்கு இருந்த அரிசி அன்று காலையோடு தீர்ந்திருந்தது.

"எலிசு, அதுல ஒரு டம்ளர் எடுத்து உலையில போடு."

"ஐயோ, இன்னா பேசறீங்க? அது ஆண்டவர் அரிசி. இல்லாதவங்களுக்குக் குடுக்கறது."

"நாம யாரு?"

அவள் பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

"கேக்கறேன்ல? இல்லாதவங்களுக்குன்றியே, நாம யாரு? நம்ம வீட்ல கொட்டியா கெடக்குது?"

"நானே எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு திருட்டுங்க. நாளைக்குக் கோயில்ல யாரு மூஞ்சியில முழிப்பேன்?"

"எடுக்க வேணாம். கேளு. போதகர்கிட்ட போய் ஒரு வார்த்தை கேளு."

"அதுக்குப் பதிலா நான் செத்துப்போலாம்."

தாஸ் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மெதுவாகவே சொன்னான்: "ஊர்ல கீறவங்களுக்கெல்லாம் மேய்ப்பர் பாத்துக்குவாருன்னு சொல்லிட்டு வர்ற. ஒனக்கு மட்டும் அவரு ஆவமாட்டாரா? ஒனக்கு நீயே மேய்ப்பனா எலிசு?"

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. படுத்துக்கொண்டு பேசுவது சுலபம் என்று மனசுக்குள் திட்டினாள். முந்தானையில் முடிந்திருந்த சில்லறையை அவிழ்த்துத் தெருமுனைக் கடையில் பன் வாங்கி வந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினான்.

"வேணாங்க. எனக்கு உபவாசம்" என்று சொல்லிவிட்டாள். பழக்கத்தில் வந்துவிட்டது.

தாஸ் அவளையே பார்த்தான். "எங்கிட்டயேவாடி?" என்றான்.

அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஜெபம் பண்ணிப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் மணிக்கணக்காகப் பண்ணுகிறவளுக்குத் தனக்கென்று வந்தபோது ஒரு வார்த்தையும் ஓடவில்லை. ஆண்டவரே, நீர் ஏன் என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்கிறீர் என்று கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தவுடன் மூட்டையைப் பிரித்து வழக்கமான வீடுகளுக்கெல்லாம் கொடுத்து முடித்தாள். ஒரு பிடியும் குறைக்கவில்லை. காலிப் பையை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக, அதே சபையைச் சேர்ந்த சரளா வீட்டுக்குப் போனாள்.

சரளா வீட்டில் அன்று ஜெபக்கூட்டம். அவள் மருமகள் ஸ்னேஹா முழுகாமல் இருந்தாள். போன வருஷம் ஒன்று தங்காமல் போய்விட்டது. இதுவாவது நல்லபடியாக நிற்க வேண்டும் என்று, உபவாசத்தில் இருக்கிற எலிசபெத்தைக் கூப்பிட்டு ஜெபிக்கச் சொல்லியிருந்தாள் சரளா. எலிசபெத் அங்கே போனது ஜெபத்துக்காக மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய்தான். கூட்டம் முடிந்தால் கேசரி கொடுப்பார்கள். படுத்துக் கிடக்கிறவருக்கென்று சொல்லி ஒரு பொட்டலம் வாங்கி வந்துவிடலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனாள்.

ஹாலில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தனலக்ஷ்மியும் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். நல்லது நடக்க வேண்டுமென்றால் எந்தச் சாமியானால் என்ன என்பது அவள் கட்சி. பாட்டுப் பாடி முடித்தார்கள். ஸ்னேஹா எழுந்து வந்து எலிசபெத்தின் முன்னால் மண்டியிட்டாள். எலிசபெத் அவள் தலையில் கையை வைத்தாள். நெற்றி வியர்த்துச் சில்லென்று இருந்தது. உதடு வெளுத்துக் கிடந்தது. ஊராருக்கு ஆக்கிப் போட்டே ஆயுசைக் கழித்த சமையல்காரிக்கு அந்த முகம் புரியாதா?

"இன்னாம்மா, சாப்டலியா நீ?" என்று காதருகில் கேட்டாள்.

ஸ்னேஹா சிரித்தாள். "இல்ல ஆன்ட்டி. வெள்ளிக்கெழமைலருந்து நானும் ஃபாஸ்டிங். அத்தைக்குத் தெரியாது, வாந்தி வருதுன்னு சொல்லி ஏமாத்திட்டேன். நீங்க எங்களுக்காகப் பட்டினி கெடக்கும்போது நான் மட்டும் எப்டி சாப்டறது? இந்தப் பாப்பா எனக்கு வேணும் ஆன்ட்டி. நீங்க என்னைக்கு முடிக்கிறீங்களோ அன்னைக்குத்தான் நானும் முடிப்பேன்."

எலிசபெத்தின் கை அந்தத் தலை மேல் அப்படியே நின்றுவிட்டது. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன ஒரு வார்த்தை, போய் எங்கோ ஒரு வயிற்றுப் பிள்ளையின் சோற்றைப் பிடுங்கிவிட்டதே!

இதற்கும் ஒரு வழி இருந்தது. என் உபவாசம் இன்றோடு முடிந்தது, நீயும் முடித்துக்கொள் என்று சொல்லிவிடலாம். பெண் சாப்பிடுவாள். இவளுக்கும் மரியாதை போகாது. கேசரியும் கிடைக்கும். அந்த யோசனை வராமல் இல்லை, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவளுக்கு அலுத்துப்போய்விட்டது. இந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு இன்னும் ஒரு எட்டு வைக்கவும் உடம்பில் தெம்பு இல்லை, மனசிலும் இல்லை. முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எந்திரிம்மா. போய் சாப்டு. எனக்கு உபவாசம் கெடயாது."

"ஆன்ட்டி?"

"உபவாசம் இல்லம்மா. வீட்ல அரிசி இல்ல." இப்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "சொல்ல வெக்கமா இருந்துச்சு, பொய் சொல்லிட்டேன். நான் பட்டினி. என் வீட்டுக்காரரும் பட்டினி. வேற ஒண்ணுமில்ல."

சரளாவின் முகம்தான் முதலில் மாறியது, அதுவும் கோபமாக.

"ஆண்டவர் பேரச் சொல்லியா பொய் சொன்ன எலிசபெத்து? வாயும் வயிறுமா கீற பொண்ணு, அதுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"தப்புதான் சரளா. இன்னா வேணா திட்டு, வாங்கிக்கிறேன். மொதல்ல அவளுக்குச் சோறு போடு."

"உங்க வீட்லதானேக்கா மூட்டையே இருந்துச்சு" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "அதுல ஒரு படி எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தா யாரு வேணாம்னிருப்பாங்க?"

"கேக்கத் தெரியலம்மா" என்றாள் எலிசபெத். "குடுக்கத் தெரிஞ்சுது. கேக்கத் தெரியல."

கதவோரத்தில் தனலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "அடிப்பாவி அக்கா! செவுத்துக்கு இந்தாண்ட ஒக்காந்துகினு கருவாடு கூட வறுக்காம கெடந்தேனே! ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் இன்னா வேத்தாளா ஒனக்கு?"

"அத்தே" என்றாள் ஸ்னேஹா. மண்டியிட்டபடியே இருந்தாள். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. "எனக்கு ரொம்பப் பசிக்குது அத்தே."

அதோடு சரளாவின் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அடுப்பங்கரைக்கு ஓடினாள். மத்தியானம் வைத்த சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் இருந்தன. இரண்டு தட்டில் போட்டுக் கொண்டுவந்து இரண்டு பேர் முன்னாலும் வைத்தாள். ஸ்னேஹா அள்ளி அள்ளித் தின்றாள். எலிசபெத் தட்டில் கையை வைத்துவிட்டு, எடுக்காமல் இருந்தாள்.

"அவரு..." என்றாள்.

"எனக்குத் தெரியாதா? நீ சாப்டு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள் தனலக்ஷ்மி. அடுக்குக் கேரியரில் சோற்றை அமுக்கி நிரப்பி, குழம்பு ஊற்றி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் ஓடினாள்.

எலிசபெத் சாப்பிட்டாள். இத்தனை பேர் பார்க்க, ஒருவர் போட்ட சோற்றைத் தலை குனிந்து சாப்பிட்டாள். கவளம் கவளமாக இறங்கியது. இறங்க இறங்க அவளுக்கு ஒன்று விளங்கியது. ஆண்டவர் திரும்பிப் பார்க்கவில்லை என்று அழுதாளே, அவர் பார்க்காமல் ஒரு நாளும் இருக்கவில்லை. கத்திரிக்காய்க் குழம்பைச் சுவர் வரைக்கும் அனுப்பினார். அரிசி மூட்டையை அவள் வீட்டு நாற்காலியிலேயே கொண்டுவந்து வைத்தார். கட்டிலில் கிடந்த மனுஷன் வாயால் கூடச் சொல்லிப் பார்த்தார். வந்ததையெல்லாம் உபவாசம் உபவாசம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினவள் இவள்தான். நினைக்க நினைக்க அழுகை வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டாள். சரளா கேட்காமலே இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

"அடுத்த சனிக்கெழம பைய நான் தூக்கறேன்" என்றாள் சரளா. குரலில் இன்னும் கொஞ்சம் காரம் இருந்தது. "நீ வீட்ல ஒக்காந்திரு. வேலைக்கும் நாலு எடத்துல நாங்க சொல்லி வைக்கிறோம். ஞாயித்துக்கெழம மொதல்ல ஒன் வீட்டுக்குத்தான் வருவேன். துண்டு கிண்டெல்லாம் போட்டு மூட மாட்டேன், பாத்துக்கோ. வேணாம்னு மட்டும் சொல்லிப் பாரு."

"சொல்லமாட்டேன்" என்றாள் எலிசபெத்.

கை கழுவிக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கூட்டத்தை முடிக்க வேண்டுமே. முடிவு ஜெபம் எப்போதும் எலிசபெத்துடையது. அதனால் எல்லாரும் முக்காடு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பொய் சொன்னவளையா ஜெபிக்கச் சொல்வது என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் யாரும் சொல்லவில்லை.

எலிசபெத் கண்ணை மூடினாள். வழக்கமாக அருவி மாதிரி கொட்டுகிற வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

"அப்பா" என்றாள். வெகு நேரம் கழித்து, "நானும் ஆடுதாம்பா" என்றாள்.

பெண்கள் காத்திருந்தார்கள். அடுத்த வார்த்தை வரவில்லை. ஒருத்தி மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தாள். எலிசபெத் தலை தோளில் சாய, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். வேலை போன நாளிலிருந்து இரவில் சேர்ந்தாற்போல் கண் மூடாதவள். சரளா ஓசைப்படாமல் "ஆமென்" சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு தலையணை கொண்டுவந்து அவளைப் பாயில் சரித்துப் படுக்க வைத்தாள். அவள் முழிக்கவில்லை. டீயும் கேசரியும் வாசலுக்கு வெளியே நின்றபடியே எல்லாரும் பேச்சில்லாமல் சாப்பிட்டார்கள்.

காலிக் கேரியரோடு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள் தனலக்ஷ்மி. "அண்ணன் நல்லா சாப்ட்டாரு. அக்கா எங்க, அவ சாப்ட்டாளான்னுதான் கேட்டுக்கினே கீறாரு. இன்னா சொல்லட்டும்?"

சரளா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சாப்ட்டுட்டுத் தூங்கறா, எங்களுக்கு எழுப்ப மனசு வரலன்னு போய்ச் சொல்லு" என்றாள்.